ஆரோக்கியமான குடலும் அதன் நுண்ணங்கிச் சமூகமும்

மனித உடல் மனிதக் கலங்களால் மட்டும் ஆனதன்று. வாய், தோல், குடல் ஆகிய அனைத்தும் நுண்ணங்கிகளின் வாழிடங்களாகும். அவற்றுள் மிகவும் செறிவானது பெருங்குடல். 70 கிலோகிராம் நிறையுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள் வாழ்வதாக 2016இல் வெளியான ஒரு கணிப்பீடு காட்டுகிறது. மனிதக் கலங்களின் தொகையோ சுமார் 30 இலட்சம் கோடியாகும். பற்றீரியாக்கள் மனிதக் கலங்களைவிடப் பத்து மடங்கு அதிகம் என நீண்ட காலமாகக் கூறப்பட்டு வந்த கருத்தை இக்கணிப்பீடு திருத்தியது. எனினும் தொகையைவிட முக்கியமான வினா வேறொன்றாகும். ஆரோக்கியமான ஒருவரின் குடலில் எத்தனை வகையான நுண்ணங்கிகள் உள்ளன? அந்தப் பன்மையினால் விளையும் பயன் என்ன?

இவ்வினாவுக்கான விடை மிகத் தாமதமாகவே கிடைத்தது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரைச் சேர்ந்த லீவன்ஹூக், 1681இலேயே தனது மலத்தை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துச் சிற்றுயிர்களைக் கண்டார். 1885இல் ஜேர்மானிய மருத்துவர் தியோடர் எஷெரிக், குழந்தைகளின் மலத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு பற்றீரியாவை விவரித்தார். இன்று அது அவரது பெயரால் எஷெரிக்கியா கோலை என வழங்கப்படுகிறது. ஆய்வுகூடத்தில் எளிதாக வளரக்கூடியது என்பதனால் குடல் பற்றீரியா என்றதும் பலருக்கும் இதுவே நினைவுக்கு வருகிறது. ஆனால், வளர்ந்தோரின் பெருங்குடலில் இது ஒரு சிறுபான்மையே. பெரும்பான்மையானவை ஒட்சிசன் பட்டால் அழிந்துவிடக்கூடியவை. எனவே, வளர்ப்பூடகத்தில் வளர்த்துப் பார்க்கும் பழைய முறைக்கு அவை அகப்படவில்லை.

இத்தடையைப் பரம்பரையலகு ஆய்வு நீக்கியது. எல்லாப் பற்றீரியாக்களிலும் காணப்படும் '16எஸ்' எனும் பரம்பரையலகு இனத்துக்கு இனம் சிறிது வேறுபடுகிறது. அதன் வரிசையை வாசித்தால், உயிரை வளர்க்காமலே அதன் இனத்தை அறியலாம். இம்முறையைக் கையாண்டு, ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் டேவிட் ரெல்மனும் அவரது குழுவினரும் ஆரோக்கியமான மூவரின் குடற்சுவரையும் மலத்தையும் ஆராய்ந்தனர். 2005இல் வெளியான அவ்வாய்வில் 395 வகைப் பற்றீரியாக்கள் இனங்காணப்பட்டன. அவற்றுள் 244 வகைகள் அதுவரை அறியப்படாதவை. மூவரும் ஆரோக்கியமானவர்களாயினும், ஒருவரின் நுண்ணங்கிச் சமூகம் மற்றவரினதைப் போல் இருக்கவில்லை.

பின்வந்த பேராய்வுகள் இதனை உறுதிப்படுத்தின. 2010இல் 124 ஐரோப்பியரை ஆராய்ந்த குழுவினர், குடல் நுண்ணங்கிகளிடம் 33 இலட்சம் பரம்பரையலகுகளைக் கண்டனர். இது மனிதனின் சொந்தப் பரம்பரையலகுத் தொகையைப் போல் ஏறத்தாழ 150 மடங்காகும். அமெரிக்காவில் 242 ஆரோக்கியமானவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2012இல் வெளிவந்தன. இனங்களின் கலவை ஆளுக்காள் பெரிதும் வேறுபட்ட போதிலும், அவை ஆற்றக்கூடிய உயிர்இரசாயனப் பணிகள் எல்லோரிலும் பெரும்பாலும் ஒத்திருந்தன என்பதே அம்முடிவுகளின் சாரம். அதாவது, தொழிலாளர்கள் வேறானாலும் தொழில்கள் ஒன்றே.

அத்தொழில்கள் யாவை? மனிதனின் நொதியங்களால் சமிபாடடையாத நார்ப்பொருளை இவை நொதிக்கச் செய்து, குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றுள் ஒன்றான பியூட்டிரேற், பெருங்குடலின் உட்சுவர்க் கலங்களுக்குப் பிரதான சக்தி மூலமாகும். விற்றமின் கே-யையும் சில பி விற்றமின்களையும் இவை உற்பத்தி செய்கின்றன. நிர்ப்பீடனத் தொகுதியின் வளர்ச்சிக்கும் இவை துணைபுரிகின்றன. இவற்றோடு, உணவையும் இடத்தையும் தாமே கைக்கொண்டிருப்பதால், நோய்க்கிருமிகள் குடியேற இடமளிப்பதில்லை.

இந்தக் கடைசிப் பணியின் பெறுமதி, பன்மை சிதையும்போதே புலனாகிறது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் நோய்க்கிருமியோடு நன்மை செய்பவற்றையும் அழிக்கின்றன. வெற்றிடமான குடலில் குளொஸ்ட்ரிடியோய்டிஸ் டிஃபிசில் எனும் பற்றீரியா பெருகினால் கடும் வயிற்றோட்டம் ஏற்படுகிறது. சிலவேளை உயிரும் பிரிகிறது. நெதர்லாந்தில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், இந்நோய் மீண்டும் மீண்டும் தாக்கியவர்களுக்கு ஆரோக்கியமான ஒருவரின் மலக் கரைசல் குழாய் வழியே குடலுக்குள் செலுத்தப்பட்டது. 16 பேரில் 13 பேர் ஒரே தடவையில் குணமடைந்தனர். வன்கோமைசின் மருந்து மட்டும் பெற்ற 13 பேரில் குணமடைந்தோர் நால்வரே. ஒரு கிருமியை அழிக்கும் மருந்தைவிட, சிதைந்த ஒரு சமூகத்தை மீளக் குடியேற்றுவது இங்கு சிறந்த சிகிச்சையாயிற்று.

இதிலிருந்து, இனங்களின் தொகை கூடினால் ஆரோக்கியமும் கூடும் என முடிவு செய்வது பொருத்தமன்று. தன்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு, தேன், பழம் சேகரித்தும் வாழும் ஹட்சா மக்களின் குடலில், இத்தாலிய நகரவாசிகளைவிடக் கூடிய பன்மை உண்டு என்பது 2014இல் கண்டறியப்பட்டது. அதே ஆய்வில், நகரவாசிகளுக்கு நன்மை பயப்பதாகப் போற்றப்படும் பிபிடோபற்றீரியம் ஹட்சா மக்களில் வளர்ந்தோரிடம் காணப்படவில்லை. ஆகவே, எல்லோருக்கும் பொருந்தும் ஒரு 'நல்ல பற்றீரியாப் பட்டியல்' கிடையாது. மலப் பரிசோதனை மூலம் குடலின் ஆரோக்கியத்துக்குப் புள்ளியிட்டுத் தருவதாகக் கூறும் வணிக விளம்பரங்களை எச்சரிக்கையோடு நோக்க வேண்டியது இதனாலேயாகும்.

எனினும், இன்றைய அறிவு இரு விடயங்களைத் தெளிவாக உணர்த்துகிறது. தடிமன் போன்ற வைரசு நோய்களுக்குப் பயன்படாத நுண்ணுயிர்க்கொல்லியை உட்கொள்பவர், நோயை விட்டுவிட்டுத் தமது குடற் சமூகத்தையே தாக்குகிறார். மருத்துவர் தேவையெனக் கண்டு வழங்கும்போது அதே மருந்து உயிர் காக்கும். அதனைத் தவிர்ப்பது அறிவுடைமையன்று. இரண்டாவது, குடல் நுண்ணங்கிகளின் பிரதான உணவு நாம் உண்ணும் நார்ப்பொருளே. தவிடு நீக்காத தானியம், பருப்பு, கீரை, பழம் என உணவு பலவகைப்படும்போது, வெவ்வேறு உணவை நாடும் வெவ்வேறு இனங்களுக்கும் வாழ வழி கிடைக்கிறது. நமது உணவுத் தட்டில் உள்ள பன்மையே குடலின் பன்மைக்கு ஊட்டமாகிறது.