பாடசாலை வாசலில் பிள்ளையை வரவேற்கும் பாட்டு

கல்வியாண்டு தொடங்குகையில் நம் பாடசாலைகளில் தரம் ஒன்று மாணவர்களை வரவேற்கும் வைபவம் நடைபெறுவது வழமையாகும். மாலை அணிவிக்கப்படுகிறது, மங்கல விளக்கேற்றப்படுகிறது, அதிதிகள் உரையாற்றுகின்றனர். ஆனால் அன்று வீடு திரும்பும் ஐந்து வயதுப் பிள்ளை தன்னோடு எடுத்துச் செல்லும் பாட்டு எதுவென்று நாம் கேட்பது அரிது. சிறிய விடயமாகத் தோன்றினும், கேகாலை மாவட்டம் போன்ற பிரதேசங்களில் இது தமிழ்மொழிக் கல்வியின் எதிர்காலத்தோடு தொடர்புடையதாகும்.

இவ்விடயத்தில் யப்பானின் அனுபவம் கவனத்திற்குரியது. அங்கு கல்வியாண்டு ஏப்ரலில், செர்ரி மலர்கள் பூக்கும் வசந்தத்தில் தொடங்குகிறது. எனவே வசந்தப் பாட்டும் பாடசாலைப் பாட்டும் ஒன்றோடொன்று கலந்தே வளர்ந்தன. 1881 முதல் 1884 வரை யப்பானியக் கல்வித்துறை இசாவா சூஜியின் முயற்சியில் ஆரம்பப் பாடசாலைப் பாடல்களை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றில் பல மெட்டுகள் மேல்நாட்டிலிருந்து இரவல் பெற்றவை. இன்றும் அங்கு பாடப்படும் வண்ணத்துப்பூச்சிப் பாட்டின் மெட்டு ஜேர்மானியச் சிறுவர் பாடலுடையதாகும்.

அரசின் பாட்டுகள் சிறுவர் மனத்திற்கு அப்பாற்பட்டவை என்று கவிஞர்கள் கருதினர். 1918ஆம் ஆண்டு சுசுகி மியெகிச்சி தொடங்கிய 'சிவப்புப் பறவை' என்னும் சஞ்சிகை, பிள்ளையின் கண்ணால் உலகைப் பார்க்கும் பாடல்களுக்குக் களம் அமைத்தது. 1912இல் வெளியான 'வசந்த கால நீரோடை' என்னும் பாடல் முதலில் இலக்கிய வழக்கில் அமைந்திருந்தது. 1942இல் அது இன்னும் கீழ் வகுப்புக்குக் கொண்டுவரப்பட்டபோது, பிள்ளைகளுக்கு விளங்க வேண்டும் என்பதற்காகவே பேச்சுவழக்கிற்கு மாற்றப்பட்டது. 1966இல் மாதோ மிச்சியோ எழுதிய பாடலோ, முதலாம் வகுப்புக்குச் செல்லும் பிள்ளை நூறு நண்பர்களைப் பெற முடியுமா என்று எண்ணிப் பார்ப்பதாக அமைகிறது. புதிய இடத்தில் தனித்து நிற்கும் பிள்ளையின் அச்சத்தை அது ஆவலாக மாற்றுகிறது.

தமிழும் இத்துறையில் வறியதன்று. ஔவையாரின் ஆத்திசூடி தலைமுறை தலைமுறையாக முதற் பாடமாக விளங்கி வந்துள்ளது. கவிமணி தேசிகவிநாயகம்பிள்ளையும் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவும் தமிழகத்தில் சிறுவர் பாடலை வளர்த்தனர். நம் நாட்டில் நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாடல் பல தலைமுறையினரின் நாவில் நிலைத்துள்ளது. எனினும் அதில் வரும் கூழும் கொழுக்கட்டையும் பனங்கட்டியும் யாழ்ப்பாண மண்ணின் மணம் கமழ்பவை. யட்டியாந்தோட்டையிலோ தெஹியோவிட்டையிலோ தோட்ட லயத்தில் வளரும் பிள்ளைக்குப் பனைமரம் பெரும்பாலும் படத்தில் பார்த்த மரமேயாகும்.

அப்பிள்ளைக்கும் ஒரு வசந்தம் உண்டு. ஆண்டின் முதல் மாதங்களில் இறப்பர் மரங்கள் இலையுதிர்த்து, செந்நிறத் தளிர் விடுகின்றன. சித்திரைப் புத்தாண்டை நெருங்குகையில் முள்முருக்கு சிவக்கப் பூக்கிறது, குயில் கூவுகிறது. நம் பாடசாலை ஆண்டும் வழமையாக ஜனவரியில் தொடங்குவது. கொரோனா நெருக்கடியின் பின் 2023இல் மார்ச்சிலும் 2024இல் பெப்ரவரியிலும் அது தொடங்கியது. எவ்வாறாயினும், தளிர் விடும் காலமும் பாடசாலை செல்லும் காலமும் இங்கும் அருகருகே வருகின்றன. இதனைப் பாடும் பாட்டுத்தான் நம்மிடம் போதாது.

இக்குறைபாட்டிற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் கடமையைத் தோட்ட முகாமைத்துவத்திடம் ஒப்படைத்தது. 1945இல் இலவசக் கல்வி நாட்டுக்குக் கிடைத்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியிலேயே நின்றன. 1977 முதலே அவை படிப்படியாக அரசினால் பொறுப்பேற்கப்பட்டன. எனவே அந்த மண்ணிலிருந்து பாடநூல் எழுதுவோர் உருவாகக் காலம் பிடித்தது. ஆனால் பாட்டு இருந்தது. தாலாட்டாகவும் கும்மியாகவும் தொழிற் பாடலாகவும் லயங்களில் வாழ்ந்த அச்செல்வத்தின் ஒரு பகுதியைத் தொகுத்து அளித்தவர் மக்கள் கவிமணி சி.வி. வேலுப்பிள்ளையாவார்.

கேகாலையில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் இரு சாராராக வாழ்கின்றனர். தோட்டங்களில் மலையகத் தமிழர். மாவனல்லை, ஹெம்மாத்தகம, வரக்காப்பொல போன்ற ஊர்களில் முஸ்லிம்கள். சுற்றிலும் சிங்களமே ஒலிக்கும் சூழலில், தமிழ்மொழிப் பாடசாலை தொலைவிலிருந்தால் பெற்றோர் அருகிலுள்ள சிங்களமொழிப் பாடசாலையை நாடுவது இயல்பே. சிங்களம் கற்பது நன்மையே. அதன் பொருட்டுத் தாய்மொழி கைநழுவுவதே கவலைக்குரியது. ஐந்து வயதில் இனிமையாக நாவில் ஏறிய மொழி எளிதில் அகலாது.

பாட்டின் பயன் மகிழ்ச்சி மட்டுமன்று. கைதட்டிப் பாடும்போது சொற்கள் அசைகளாகப் பிரிவதைப் பிள்ளை காதால் உணர்கிறது. ரகர றகர வேறுபாடும், லகர ளகர ழகர வேறுபாடும் எழுத்தாக வருமுன் ஒலியாகப் பழகிவிடுகின்றன. வாசிப்பிற்கு இதுவே அடித்தளம். 1999இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், கீழ் வகுப்புகளில் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் முதன்மை அளித்ததும் இந்த அடிப்படையிலேயாகும்.

ஆகவே நாம் வேண்டுவது பெருஞ்செலவை அன்று. கேகாலை, மாவனல்லை, தெஹியோவிட்ட ஆகிய மூன்று கல்வி வலயங்களிலும் உள்ள தமிழ்மொழி ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் ஒன்றுகூடிச் சிறு தொகுப்பொன்றை உருவாக்கலாம். தோட்டத்துப் பாட்டிமாரிடமும் முஸ்லிம் ஊர்களின் உம்மும்மாமாரிடமும் எஞ்சியுள்ள தாலாட்டையும் விளையாட்டுப் பாட்டையும் கைத்தொலைபேசியிலேயே பதிவு செய்யலாம். பிள்ளைக் காம்பராவும் பால்வெட்டும் பெருநாளும் பொங்கலும் அதில் இடம்பெறட்டும். வாத்தியம் இன்றிக் குரலாலும் கைதட்டலாலும் பாடத்தக்கதாக அமைப்பின் எல்லா வீடுகளும் அதனைத் தயக்கமின்றி ஏற்கும். அடிகள் சிறியனவாகவும், சொற்கள் பிள்ளை பேசுபவையாகவும் இருத்தல் அவசியம்.

அடுத்த ஆண்டு வரவேற்பு வைபவத்தில் அதிதிகளின் உரைகளைச் சற்றே குறைத்து, அந்நேரத்தை இரண்டாம் தர மாணவர்களிடம் ஒப்படைப்போமாக. ஓராண்டுக்கு முன் அதே வாசலில் அழுதுகொண்டு நின்றவர்கள் அவர்கள்தாம். புதிதாக வரும் தம்பி தங்கையருக்கு எதைப் பாடினால் அழுகை நிற்கும் என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் எவருமிலர்.