இரண்டிற்கும் ஒன்றே போதுமா?

“அரபி மொழியில் எனக்கு ஆர்வமும் அறிவும் உண்டு” என்கிறோம். ‘இல்’ என்னும் ஓர் உருபே இரு சொற்களையும் தாங்கிக்கொள்கிறது. அதே பழக்கத்தில், ஆசிரியைப் பணிக்கு விண்ணப்பம் எழுத அமரும் நம் மகள் “இன்ட்ரஸ்ட் அண்ட் நாலெட்ஜ் ஆஃப் அரபிக்” என்று எழுதிவிடுகிறாள். படிப்பவர் முதல் வரியிலேயே முகம் சுளிக்கிறார்.

‘நாலெட்ஜ்’ என்பதற்கு ‘ஆஃப்’ உரியது. ‘இன்ட்ரஸ்ட்’ என்பதோ ‘இன்’ என்பதையே வேண்டி நிற்கும். ஆகவே, “இன்ட்ரஸ்ட் இன் அண்ட் நாலெட்ஜ் ஆஃப் அரபிக்” என்பதே செம்மையான வழக்கு. ஐயம் எழுந்தால் ‘அண்ட் நாலெட்ஜ்’ என்பதை விரலால் மறைத்துப் படியுங்கள். “இன்ட்ரஸ்ட் ஆஃப் அரபிக்” என நின்று பிழை தானே வெளிப்படும். “இன்ட்ரஸ்ட் அண்ட் டிரெய்னிங் இன் அரபிக்” எனில் இரண்டிற்கும் ‘இன்’ பொது, ஒன்றே போதும்.

ஹர்ஃபு ஜர் படித்தோருக்கு இது புதிதன்று. ‘ரகிப’ என்னும் வினையோடு ‘ஃபீ’ சேர்ந்தால் விரும்பினான். ‘அன்’ சேர்ந்தாலோ வெறுத்து ஒதுக்கினான்! ஆங்கிலம் அவ்வளவு கடுமை காட்டுவதில்லை. எனினும் என் மாணவியரை ‘இன்ட்ரஸ்ட்’ என்று தனித்து மனனம் செய்ய நான் விடுவதில்லை. ‘இன்ட்ரஸ்ட் இன்’ என்றே ஓதச் சொல்கிறேன்.