எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்

சமையல் குறிப்புகளுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. ரசம் நுரை கட்டியதும் இறக்கு, உளுந்து இவ்வளவு போடு என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த ரசத்தைக் கொதிக்கவைக்கும் சிலிண்டரின் கழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. எங்காவது கேஸ் விபத்து நடந்தால், கவனக்குறைவு என்று சொல்லிக் கதையை முடித்துவிடுகிறோம். பழி பெரும்பாலும் அடுப்படியில் நின்ற பெண்மேல் விழுகிறது. ஏஜென்சி செய்து கொடுத்திருக்க வேண்டிய சோதனைகளைப் பற்றியோ, எண்ணெய் நிறுவனங்கள் நமக்காக எடுத்து வைத்திருக்கும் காப்பீட்டைப் பற்றியோ பேச்சே எழுவதில்லை.

சிலிண்டர் வாசலில் இறங்கும்போதே உங்கள் உரிமை தொடங்கிவிடுகிறது. வீட்டு சிலிண்டரில் இருக்க வேண்டிய எரிவாயு 14.2 கிலோ. காலி சிலிண்டரின் எடை ஒன்றுக்கொன்று சற்று மாறும். அது சிலிண்டரிலேயே குறிக்கப்பட்டிருக்கும். காலி எடை 15.8 என்று இருந்தால், தராசில் மாட்டும்போது 30 கிலோ காட்ட வேண்டும். கொண்டுவருபவர் தராசையும் கொண்டுவர வேண்டும், கேட்டால் எடை போட்டுக் காட்ட வேண்டும் என்பது விதி. "தராசு வண்டியில இருக்கு, அடுத்த தடவை பாக்கலாம்மா" என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை. சீல் உடைந்திருந்தாலோ எடை குறைந்தாலோ வேறு சிலிண்டர் கேட்கலாம்.

மேல் வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உட்புறம் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி என்றால் ஜூலை முதல் செப்டம்பர், டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர். சி 28 என்று இருந்தால் 2028 செப்டம்பருக்குள் அந்த இரும்புக் கலம் மறுசோதனைக்குப் போக வேண்டும் என்று பொருள். உள்ளே இருக்கும் எரிவாயு கெட்டுப்போகும் தேதி என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. தேதி கடந்த சிலிண்டர் வந்தால் வாங்காதீர்கள்.

அடுத்தது வால்வு. மூடியைத் திறந்து, வால்வின் குழிக்குள் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். குமிழி வந்தால் கசிவு. உள்ளே இருக்கும் சிறிய ரப்பர் வளையம் தேய்ந்திருந்தாலோ விழுந்திருந்தாலோ ரெகுலேட்டரை மாட்டியதும் வாடை வரும். சிலிண்டரை இறக்கியவர் தெருமுனை தாண்டுவதற்குள் இதைப் பார்த்துவிட்டால் மாற்றுவது எளிது.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. பில்லில் உள்ள தொகையில் வீட்டுக்குக் கொண்டுவரும் கட்டணமும் அடக்கம். மாடிக்கு இவ்வளவு, லிஃப்ட் இல்லாவிட்டால் இவ்வளவு என்று தனிக் கணக்கு கிடையாது. முப்பது கிலோவைத் தோளில் சுமந்து படியேறுபவருக்கு நீங்களாகப் பார்த்து ஏதாவது கொடுப்பது வேறு. அவருக்குச் சரியான கூலி கொடுக்க வேண்டியது ஏஜென்சி. அந்தக் குறையை நம் தலையில் கட்டுவது நியாயமில்லை. புதிய இணைப்பு வாங்கும்போது எங்களிடமே அடுப்பும் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் அவர்களுக்கு உரிமை இல்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள அடுப்பை எங்கே வாங்கினாலும் சரிதான்.

வீட்டுக்குள், சிலிண்டரைவிட டியூபைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன். கம்பி வலை பின்னிய ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபின் ஆயுள் 5 ஆண்டு. தயாரித்த காலம் டியூபின் மேலேயே அச்சிட்டிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால்தான் தெரியும். நடைபாதைக் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் சாதா ரப்பர் டியூப் வேண்டாம். டியூப் வெளியே தெரியக்கூடாது என்று மரத்தட்டு அடித்து, துணி சுற்றி மறைக்கும் அழகுணர்ச்சியும் வேண்டாம். மாடுலர் கிச்சன் என்ற பெயரில் சிலிண்டரை மூடிய அலமாரிக்குள் வைப்பது, என் கணக்கில், இன்றைய வீடுகளின் மோசமான வழக்கம். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கும். மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்பது இதற்குப் பதிலாகாது. கீழேயும் காற்று போக வழி இருக்க வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும்.

பர்னரில் தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாகி, பாத்திரத்தின் அடி கரி பிடித்தால் பர்னர் ஓட்டைகளைச் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது. துவரம்பருப்பை ஊறவைத்து வேகவைத்தாலும், கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி போட்டாலும் கேஸ் மிச்சம். பால், கஞ்சி போன்றவை பொங்கி வழிந்து தீயை அணைத்துவிட்டு, வால்வு திறந்தபடி கேஸ் போய்க்கொண்டிருப்பது பல வீடுகளில் நடப்பது. அடுப்பில் பால் இருக்கும்போது ஹாலில் சீரியல் பார்க்கக்கூடாது என்று பாட்டிகள் சொல்வதில் பாலைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது.

எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். எண்ணெய் சீறித் தெறித்துத் தீ பரவும். சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். எட்டினால் அடுப்பை அணைத்து, ஒரு தட்டால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள்.

குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது. நுரைத்துப் பொங்கும் பருப்பு என்றால் பாதியோடு நிறுத்துங்கள். வெயிட் உட்காரும் குழாயை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 பிப்ரவரி முதல் கட்டாயம். முத்திரை இல்லாத குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காகப் பெரிய இணைய வணிகத் தளங்களுக்கே 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதம் போட்டது. வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, குக்கரைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கவும் சொன்னது. தள்ளுபடி விலையைப் பார்க்கும் கண் முத்திரையையும் பார்க்கட்டும்.

வாடை வந்துவிட்டது, என்ன செய்வது? எல்.பி.ஜி.க்குச் சொந்த வாடை கிடையாது. கசிவு தெரிவதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற வேதிப்பொருளைக் கலக்கிறார்கள். அந்த நாற்றம் வந்தால் எந்த ஸ்விட்சையும் போடாதீர்கள். எரிகிற லைட்டை அணைக்கவும் வேண்டாம், ஃபேனும் வேண்டாம். ஸ்விட்சில் எழும் சிறு பொறியே தீப்பிடிக்கப் போதும். சாமி விளக்கு உட்பட எல்லாச் சுடரையும் அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். வெளியே வந்த பிறகு 1906-ஐ அழையுங்கள். கேஸ் கசிவுக்கென்றே 24 மணி நேரமும் இயங்கும் எண் அது. தீக்குச்சி கிழித்துக் கசிவைத் தேடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள், போதும். சுட்டுக்கொண்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், தோசை மாவு எதையும் பூசாதீர்கள்.

இனி, பலர் கேள்விப்பட்டே இராத பகுதி. எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்காகப் பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. நீங்கள் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை, தனியாகப் பதிவும் வேண்டாம். அண்மை ஆண்டுகளின் பாலிசிப்படி, எல்.பி.ஜி.யே முதன்மைக் காரணமான விபத்தில் இறப்பவர் ஒவ்வொருவருக்கும் 6 லட்சம் ரூபாய். காயமடைந்தவரின் சிகிச்சைக்கு ஆளுக்கு 2 லட்சம் வரை, ஒரு விபத்துக்கு மொத்தம் 30 லட்சம் வரை. பதிவு செய்த முகவரியில் ஏற்படும் சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம் வரை.

பதிவு செய்த முகவரி என்ற நிபந்தனையில்தான் பலர் சிக்குகிறார்கள். அப்பா பெயரில் ஊரில் எடுத்த இணைப்பை வைத்துக்கொண்டு சென்னையில் வாடகை வீட்டில் சமைப்பவர்கள், வீடு மாறி முகவரி மாற்றாதவர்கள், இறந்துபோனவர் பெயரிலேயே இன்னும் புக் பண்ணுகிறவர்கள் எல்லாரும் இழப்பீடு கேட்கும் நாளில் தடுமாற நேரும். பெயர் மாற்றமும் முகவரி மாற்றமும் ஏஜென்சியில் ஒரு விண்ணப்பத்தில் முடிகிற வேலை. முகவரிச் சான்று இல்லாமல் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் அடையாள அட்டையை மட்டும் காட்டி 5 கிலோ சிலிண்டர் வாங்கலாம். தெருவில் பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதில் ஏற்றித் தரும் ஆபத்தான வியாபாரத்தின் பக்கம் போக வேண்டாம். வீட்டு சிலிண்டரை டிபன் கடைக்குப் பயன்படுத்துவது சட்டப்படி தவறு. விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுக்கும் அதுவே முட்டுக்கட்டை ஆகும்.

விபத்து நடந்தால் போலீசில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகல் வாங்குங்கள். ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. ஏஜென்சி எண்ணெய் நிறுவனத்துக்கும், அது காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். மருத்துவ ரசீதுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, இறப்பு நேர்ந்திருந்தால் இறப்புச் சான்றிதழும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் தேவைப்படும். டியூப், ரெகுலேட்டர், அடுப்பு எதையும் தூக்கி எறியாதீர்கள். ஆய்வுக்கு வருபவர்கள் அவற்றைத்தான் பார்ப்பார்கள்.

ஏஜென்சி இழுத்தடித்தால், எடை குறைந்தால், கூடுதல் பணம் கேட்டால் முதலில் அந்த எண்ணெய் நிறுவனத்தின் புகார்ப் பிரிவு, பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.