உப்புக் காற்றில் ஒரு கண்டென்சர் மைக்

வேதாரண்யத்தில் சைக்கிள் கைப்பிடி முதல் ஜன்னல் கம்பி வரை எதையும் துரு விட்டுவைப்பதில்லை. ஒரு பக்கம் அகஸ்தியம்பள்ளி உப்பளம், இன்னொரு பக்கம் கடல். இப்படிப்பட்ட ஊரில் வீட்டிலேயே பாட்டும் கதையும் பதிவுசெய்ய நினைப்பவர்கள், "எந்த மைக் வாங்கலாம்?" என்று என்னிடம் கேட்கிறார்கள். "எந்த அறையில் பதியப் போகிறீர்கள்?" என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

எங்கள் பக்கத்துப் பெண்களின் தாலாட்டையும் ஒப்பாரியையும் நடவுப் பாட்டையும் பதிந்து வருகிறேன். பலருக்கு எழுபது வயதுக்கு மேல், குரல் சன்னமாகிவிட்டது. அவர்கள் மூச்சு வாங்கும் இடமும் பாட்டில் சேர்த்திதான். அது கண்டென்சர் மைக்கில்தான் முழுதாக விழுகிறது.

மேடைகளில் பார்க்கும் டைனமிக் மைக்கில், கம்பிச்சுருளையும் சுமந்துகொண்டு சவ்வு அசைய வேண்டும். கண்டென்சரில் உலோகம் பூசிய மெல்லிய சவ்வும் பின்னால் ஒரு தகடும் மட்டுமே. இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஒலிக்கேற்பக் கூடிக் குறைவதே மின்சமிக்ஞையாகிறது. பளு இல்லாததால் சிறு முனகலுக்கும் சவ்வு அசையும்.

கண்டென்சர் மைக்கை 1916இல் அமெரிக்காவில் உருவாக்கியவர் இ.சி. வென்ட். ஸ்டூடியோக்கள் கொண்டாடும் நியூமன் யு87 இன்றும் லட்சங்களில்தான் விற்கிறது. ஆனால் 1962இல் பெல் ஆய்வகத்தின் ஜெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும், மின்னூட்டத்தைத் தன்னிலேயே தேக்கிவைக்கும் எலெக்ட்ரெட் சவ்வைக் கொண்டுவந்தார்கள். கண்டென்சர் மைக் சாதாரண வீட்டுக்கும் எட்டியது அதன் பிறகுதான்.

வாங்கும்போது முதலில் இணைப்பைப் பாருங்கள். யுஎஸ்பி மைக்கை நேராகக் கம்ப்யூட்டரில் செருகலாம். தனியாகப் பேசிப் பதிபவருக்கு அது போதும். எக்ஸ்எல்ஆர் மைக்குக்கு 48 வோல்ட் கொடுக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும். அதன் விலை, கேபிள், ஸ்டாண்ட், பாப் ஃபில்டர் எல்லாவற்றையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். முன்னாலிருந்து வரும் ஒலியை அதிகம் வாங்கும் கார்டியாய்டு வகை வீட்டுக்கு ஏற்றது.

அடுத்தது மைக்கின் சொந்த இரைச்சல். ஆடியோ டெக்னிகா ஏடி2020இல் அது 20 டெசிபல். ரோட் என்டி1-ஏ மைக்கில் 5 டெசிபல். எண் குறையக் குறைய மெல்லிய குரல் தெளிவாகக் கேட்கும். ஆனால் தலைக்கு மேல் ஃபேன் சுற்றினால் இந்த வித்தியாசமே தெரியாது. "தம்பி, புழுக்கம் தாங்கல, ஃபேனப் போடுப்பா" என்று பாட்டிகள் கேட்பார்கள். ஒரு பாட்டு முடிந்ததும் போடுவேன், அடுத்த பாட்டுக்கு நிறுத்துவேன். அதனால் புழுக்கம் குறைந்த விடியற்காலையில் பதிவதே வசதி. கஜா புயலுக்குப் பிறகு கட்டிய கான்கிரீட் வீடுகளில் எதிரொலி அதிகம். பாடுபவருக்குப் பின்னால் கொடி கட்டிக் கனத்த போர்வைகளைத் தொங்கவிடுங்கள், தரையில் இலவம்பஞ்சு மெத்தையை விரியுங்கள். காசு செலவில்லாமல் பதிவு மேம்படும்.

எங்கள் ஊரில் மைக்கின் பெரிய எதிரி ஈரம். சவ்வில் ஈரம் படிந்தால் மின்னூட்டம் கசியும், பதிவில் படபடவென்று சத்தம் வரும். வேலை முடிந்ததும் மைக்கை ஸ்டாண்டிலேயே விடாமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜெல்லை அடிக்கடி மாற்றுங்கள். மைக் வேலை செய்கிறதா என்று வாயால் ஊதிப் பார்க்கவே கூடாது.

கடைத்தெரு வீடு, ஃபேனை நிறுத்த வழியில்லை என்றால் நல்ல டைனமிக் மைக்கே வாங்குங்கள். அமைதியான அறை கிடைக்குமானால், நடுத்தர விலைக் கண்டென்சர் ஒன்று பல வருடம் உழைக்கும். பணம் சேரட்டும் என்று மட்டும் காத்திருக்க வேண்டாம். உங்கள் செல்போனுக்குள் இருக்கும் சிறு மைக்கும் கண்டென்சர் வகைதான். ஃபேனை நிறுத்திவிட்டு, அதை அருகில் வைத்து, வீட்டுப் பெரியவர்களை இந்த வாரமே பாடச் சொல்லிப் பதியுங்கள்.