கப்பித்தானும் சார்ஜண்டும்: சிங்கப்பூர்த் தேசிய சேவைப் படையின் அமைப்பும் பதவிப் பெயர்களும்

ஜார்ஜ்டவுன் நகரத்தார் ஒரு படைப்பதவியின் பெயரை நாள்தோறும் உச்சரிக்கின்றனர். ஆயினும் அது படைப்பதவி என்னும் நினைவு எவருக்கும் எழுவதில்லை. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் என்னும் பெயரிலுள்ள ‘கப்பித்தான்’, ஆங்கிலத்தின் ‘கேப்டன்’ என்னும் சொல்லுக்கு உடன்பிறப்பு. அப்பள்ளிவாசல் எழக் காரணமாயிருந்த காதர் முகைதீன் படை நடத்தியவர் அல்லர். இங்கு வாழ்ந்த தமிழ் முசுலிம்களுக்குத் தலைவர் என ஆங்கிலேய ஆட்சி ஏற்றுக்கொண்ட வணிகர். இலத்தீனில் ‘காபுட்’ என்றால் தலை. தலையாய் நிற்பவர் கப்பித்தான்; அவர் தலைமை கொள்வது படைக்கோ, கப்பலுக்கோ, ஒரு குடிக்கோ ஆகலாம். இதே நகரிலுள்ள சிப்பாய் லைன்ஸ் சாலையின் ‘சிப்பாய்’ பாரசீகத்திலிருந்து வந்தது. நாம் தமிழென்றே எண்ணிப் புழங்கும் ‘பட்டாளம்’ என்பதும் ‘பட்டாலியன்’ என்னும் ஐரோப்பியச் சொல்லின் வழிவந்ததே.

படைப்பதவிகளின் பெயர்கள் இவ்வாறு நாடு விட்டு நாடு அலைந்தவை. அவற்றை மனப்பாடப் பட்டியலாகக் கற்பதைவிட, ஒரு படை எவ்வாறு இயங்குகிறது என்பதோடு சேர்த்துக் கற்பதே பொருள் விளங்க வழியாகும். அதற்கு ஏற்ற சான்று அருகிலேயே இருக்கிறது. தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரில் தமிழ் இளைஞர் உட்பட ஆண்மக்கள் யாவரும் படைச்சேவை ஆற்றக் கடமைப்பட்டவர்கள். பினாங்குக் குடும்பங்களுக்கும் இது அயலான செய்தியன்று. பெற்றோர் வழியாக அந்நாட்டின் நிரந்தரவாசத் தகுதி பெறும் ஆண்பிள்ளைகளுக்கும் இக்கடமை உண்டு. தவறுவோருக்குப் பத்தாயிரம் வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

1965இல் தனிநாடான போது சிங்கப்பூரிடம் இருந்தவை இரண்டு காலாட்படைப் பட்டாளங்களே. முழுநேர ஊதியப் படை ஒன்றை வைத்துக் காக்க அச்சிறு நாட்டிற்கு ஆள்வளமும் இல்லை, பொருள்வளமும் இல்லை. எனவே தற்காப்பு அமைச்சர் கோ கெங் சுவீ கட்டாயச் சேவையை முன்வைத்தார். 1967 மார்ச்சில் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு பதிந்துகொண்டவர் ஏறத்தாழ 9,000 இளைஞர். அவர்களுள் பத்தில் ஒரு பங்கினரே முழுநேரச் சேவைக்கு அழைக்கப்பட்டனர். பயிற்றுவோர் இல்லாமல் படையினரைத் திரட்டிப் பயனில்லை என்பதால், ஜூரோங்கில் அமைந்த ‘சாஃப்டி’ பயிற்சிக் கழகம் முதலில் அதிகாரிகளை உருவாக்கத் தொடங்கியிருந்தது.

இன்றைய நடைமுறையில், உடல்தகுதி வாய்ந்த பதினெட்டு வயது இளைஞர் பலர் தெக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சியைத் தொடங்குகின்றனர். அங்கே அவர் ‘ரெக்ரூட்’. பயிற்சி முடிந்ததும் ‘பிரைவேட்’ ஆவார். பின்னர் லான்ஸ் கார்ப்பரல், கார்ப்பரல் என உயரலாம். அடிப்படைப் பயிற்சியில் திறன் காட்டியோர் பிரிக்கப்பட்டு, சிலர் சார்ஜண்டுகளுக்கான பள்ளிக்கும் சிலர் அதிகாரிகளுக்கான பள்ளிக்கும் அனுப்பப்படுகின்றனர். முன்னவர் ‘மூன்றாம் சார்ஜண்ட்’ என்றும் பின்னவர் ‘இரண்டாம் லெப்டினன்ட்’ என்றும் வெளிவருவர். இத்தனையும் இரண்டாண்டுக்குள் நடந்தேறும்.

இங்கே சற்று நிற்க வேண்டும். காலாட்படையின் மிகச் சிறிய அலகு ஏழுபேர் கொண்ட ‘செக்‌ஷன்’. அதை நடத்துபவர் ஒரு மூன்றாம் சார்ஜண்ட். வயது பத்தொன்பது இருக்கலாம். அவருடைய ஆணைக்கு உட்பட்டவரும் அதே வயதினர். ஒருவேளை அதே பள்ளியில் அருகிருந்து பயின்றவர். செக்‌ஷன்கள் சில சேர்ந்தது ‘பிளாட்டூன்’. அதற்கு லெப்டினன்ட் ஒருவர் பொறுப்பு. பிளாட்டூன்கள் சேர்ந்து நூறு பேருக்கு மேற்பட்ட ‘கம்பெனி’ ஆகும். அதைக் கேப்டன் அல்லது மேஜர் நடத்துவார். கம்பெனிகள் சேர்ந்தது பட்டாளம். அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல். அதற்கு மேல் பிரிகேடும் டிவிஷனும் உள்ளன. மேல்நிலைகளில் இருப்போர் பெரும்பாலும் படையைத் தொழிலாகக் கொண்டவர்கள். ஆயின் போர்முனையில் உயிரைக் காப்பதும் இழப்பதும் பெரிதும் தீர்மானமாகும் கீழ்நிலையில், பொறுப்பு முழுவதும் இரண்டாண்டுக்கு வந்த இளைஞர்களிடம் உள்ளது. தொழில்முறைப் படையில் ஒருவர் பல்லாண்டு உழைத்து எட்டும் சார்ஜண்ட் பதவி இங்கே ஓராண்டுக்குள் தரப்படுகிறது. அது ஊழியத்திற்குரிய பரிசு அன்று. கையில் ஒப்படைக்கப்பட்ட ஏழு பேரின் கணக்கு.

பதவிப் பெயர்களின் வேர்ப்பொருளும் இதற்கு ஒத்திசைகிறது. ‘சார்ஜண்ட்’ என்பதன் மூலம் ‘பணியாள்’ என்னும் பொருளுடையது. ‘லெப்டினன்ட்’ பிரெஞ்சுச் சொல். ‘லியூ’ என்றால் இடம், ‘தெனான்’ என்றால் தாங்குபவர். தலைவர் இல்லாதபோது அவருடைய இடத்தைத் தாங்கி நிற்பவர் லெப்டினன்ட். இதை அறிந்த மாணவருக்கு, லெப்டினன்ட் என்னும் சொல் கர்னலுக்கு முன்னும் ஜெனரலுக்கு முன்னும் ஏன் மீண்டும் மீண்டும் வருகிறது என்பது தானே விளங்கிவிடும். ஒரு புதிர் எஞ்சும். மேஜர் லெப்டினன்டைவிடப் பெரியவர். ஆயின் லெப்டினன்ட் ஜெனரலைவிட மேஜர் ஜெனரல் சிறியவர். இது எவ்வாறு? முற்காலத்தில் பின்னவரின் பட்டம் ‘சார்ஜண்ட் மேஜர் ஜெனரல்’ என்பது. நாளடைவில் ‘சார்ஜண்ட்’ உதிர்ந்தது. வரிசை மட்டும் பழையபடியே நின்றுவிட்டது. வகுப்பில் இதைச் சொன்னால் எந்த மாணவரும் மறவார்.

அணிச்சின்னங்களிலும் ஒரு ஒழுங்கு உண்டு. இரண்டாம் லெப்டினன்டுக்கு ஒரு பட்டை, லெப்டினன்டுக்கு இரண்டு, கேப்டனுக்கு மூன்று. மேஜர் முதல் நாட்டுச் சின்னமும், பிரிகேடியர் ஜெனரல் முதல் விண்மீனும் வரும்.

மொழிநிலையோ விந்தையானது. பதவிப் பெயர்கள் ஆங்கிலம். அணிவகுப்பு ஆணைகள் மலாய். ‘செடியா’ என்றால் நிமிர்ந்து நிற்க வேண்டும். ‘செனாங் டிரி’ என்றால் தளர்ந்து நிற்கலாம். சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் நான்கு ஆட்சிமொழிகளுள் தேசிய மொழியான மலாய்ச் சொல்லுக்கே ஒருங்கே அடியெடுத்து வைக்கின்றனர். தொடக்க ஆண்டுகளில் ஆங்கிலம் அறியாத இளைஞர்களைக் கொண்டு ஹொக்கியன் மொழி பேசும் பிளாட்டூன்களே தனியாக இருந்தன. தமிழுக்கு அணிவகுப்புத் திடலில் இடமில்லை. அதன் இடம் வீடு. ‘மகன் படையில் என்னவாக இருக்கிறான்?’ என்று உறவினர் வினவும்போது தாய் தரும் விடையில்தான் நம் மொழி இதைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

அவ்விடையில் நாம் பெரும்பாலும் இடறுகிறோம். கேப்டனையும் தளபதி என்கிறோம், கர்னலையும் தளபதி என்கிறோம், நாட்டின் முப்படைத் தலைவரையும் தளபதி என்கிறோம். சேனாபதி, தண்டநாயகன், ஏனாதி எனப் பழந்தமிழகம் பட்டங்களைப் பிரித்தே வழங்கியது. ஆயினும் அவற்றை இன்றைய பதவிகள்மேல் ஏற்றுவது பொருந்தாது. ஒலிபெயர்ப்பிலும் ஒருமை இல்லை. தமிழகத்தில் ‘கர்னல்’, இலங்கையில் ‘கேணல்’, மலாயில் ‘கொலோனெல்’. மூன்றும் ஒருவரே என்பதை மாணவர் அறியாவிடில் செய்தி வாசிப்பு குழம்பும்.

என் கருத்து இதுவே: பதவிப் பெயரை ஒலிபெயர்த்தே வழங்குக, அதன் பொறுப்பைத் தமிழில் விளக்குக. ‘ஏழு பேர் பிரிவை நடத்தும் மூன்றாம் சார்ஜண்ட்’ என்றால் பாட்டிக்கும் புரியும்; வரிசையும் குலையாது. படைச்சேவை முடித்தோரைச் சிங்கப்பூர்த் தமிழ் இதழ்கள் ‘போர்க்காலப் படைவீரர்’ என்று அழைப்பது இவ்வகையில் நல்ல ஆக்கம். அச்சொல்லுக்கு உரியவர் அலுவலகத்தில் கணக்கராகவோ பள்ளியில் ஆசிரியராகவோ இருப்பார். ஆண்டில் சில நாள் அழைப்பு வந்ததும் சீருடை அணிந்து தம் பழைய செக்‌ஷனுக்குத் திரும்புவார். அங்கே அவருடைய மேலாளரே அவருக்குக் கீழ்ப்பட்ட கார்ப்பரலாக நிற்கவும் கூடும். இக்கடமை பொதுவாக நாற்பது வயது வரை நீடிக்கும். அதிகாரிகளுக்கு ஐம்பது வரை.