இலை போடும் முன்: குடியேற்ற வழக்கறிஞரின் வேலை எப்படி இயங்குகிறது?

கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவரை ஊருக்கே தெரியும். முந்தைய நாளே வந்து மளிகையைச் சரிபார்த்து, அரிசியை அள்ளி முகர்ந்து பார்த்து, விடிய விடிய அடுப்பருகே நின்ற தலைமைச் சமையல்காரரை அநேகமாக யாருக்கும் தெரியாது. டொரன்டோ போன்ற பெருநகரத்தில் குடியேற்ற வழக்கறிஞராக இருப்பவரின் பிழைப்பு இந்தச் சமையல்கட்டுப் பிழைப்புதான். நீதிமன்றத்தில் எழுந்து நின்று முழங்கும் வக்கீலை மனத்தில் வைத்துக்கொண்டு தொழிலுக்கு வரும் இளைஞர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஓர் அகதிக் கோரிக்கை எப்படித் தயாராகிறது என்று பார்த்தால் வேலையின் சூட்சுமம் பிடிபடும்.

முதலில் அடுப்பு. ஒரு காலத்தில் கனடாவில் அகதி என்று கோரியவர் ஓர் அதிகாரியிடம் வாக்குமூலம் கொடுப்பார். அதன் எழுத்துப் படியை வேறு யாரோ படித்து முடிவு சொல்வார்கள். முடிவு சொன்னவர் கோரியவரின் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். 1985 ஏப்ரல் 4 அன்று சிங் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் இதை மாற்றியது. ஒருவர் சொல்வதை நம்பலாமா என்பதே கேள்வியாக இருக்கும்போது, அவரை நேரில் வைத்துக் கேட்டாக வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பின் விளைவாக 1989-இல் குடிவரவு மற்றும் அகதிகள் வாரியம் வந்தது. 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையை விட்டு வந்து டொரன்டோவில் வேர் பிடித்த தமிழர்களில் எத்தனையோ பேர் அந்த வாரியத்தின் முன் உட்கார்ந்து எழுந்தவர்கள்.

அடுத்தது சரக்கு. கோரிக்கையின் அடிப்படையைச் சொல்லும் படிவம் ஒன்று உண்டு. யார் துன்புறுத்தினார்கள், எதற்காக, எப்போது, போலீஸிடம் ஏன் போகவில்லை, சொந்த நாட்டிலேயே வேறு ஊரில் போய் ஏன் வாழ முடியாது என்றெல்லாம் அதில் எழுத வேண்டும். எல்லையில் கோரியவருக்கு விதிமுறை வைத்த கெடு 15 நாள். பிற்பாடு அதைத் தளர்த்தினார்கள். எத்தனை நாள் கொடுத்தாலும், பயந்து ஓடி வந்த மனிதரின் நினைவு தேதி வாரியாக வெளியே வராது. வழக்கறிஞரின் உழைப்பில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது. டொரன்டோவின் ஸ்காபரோ பகுதியில் ஒரு சின்ன அலுவலக அறையில் இப்படிப் பேச்சு நடக்கலாம்:

"தம்பி, உங்களை எப்ப பிடிச்சவங்கள்?"

"மார்ச் எண்டு நினைக்கிறன் அக்கா."

"அந்த நேரம் ஊரில என்ன நடந்தது? ஏதும் ஞாபகம் இருக்கோ?"

"நல்லூர்த் தேர் முடிஞ்ச கையோட பிடிச்சவங்கள். வீட்டில அம்மா இன்னும் மச்சம் காய்ச்சத் தொடங்கேல்லை."

யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழா ஆடி, ஆவணியை ஒட்டி வருவது. மார்ச்சாக இருக்க வழியே இல்லை. ஆனால் நெடும்பயணத்துக்குப் பின் தூக்கமில்லாமல் இறங்கிய அன்று, எல்லை அதிகாரியிடமும் அந்தப் பையன் மார்ச் என்றே சொல்லியிருப்பான். கோப்பில் அப்படியே பதிந்திருக்கும். நல்ல வழக்கறிஞர் அந்தக் குறிப்பைத் தேடிப் படித்து, படிவத்தில் சரியான மாதத்தை எழுதி, முதலில் ஏன் தவறாகச் சொன்னான் என்பதையும் அங்கேயே விளக்கிவிடுவார். விட்டால் விசாரணையில் வாரிய உறுப்பினரே கண்டுபிடிப்பார். அப்போது அது ஞாபகப் பிசகாகப் போகாது, பொய்யாகக் கணக்கு வைக்கப்படும். பசி வந்த பிறகு அரிசியில் கல் பொறுக்க முடியாது.

பொது உக்கிராணம் ஒன்றும் இருக்கிறது. ஒவ்வொரு நாட்டின் நிலவரம் பற்றியும் மனித உரிமை அறிக்கைகளைத் தொகுத்து வாரியமே வெளியிடுகிறது. ஆனால் அதில் இருப்பது நாட்டின் கதை, இந்தப் பையனின் கதை இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டு, கிராம சேவகரின் கடிதம், அம்மாவின் சத்தியக் கடதாசி, மனநல நிபுணரின் அறிக்கை என்று அவனுக்கே உரிய சரக்கைச் சேர்க்க வேண்டும். தமிழில் உள்ளதை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியையும் இணைக்க வேண்டும். எல்லாம் விசாரணைக்கு 10 நாள் முன்பே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு சோதனை வரும். ஊரில் யாரிடமோ காசு கொடுத்து வாங்கிய கடிதம் ஒன்றைக் கட்சிக்காரர் நீட்டுவார். எல்லோரும் இப்படித்தானே வைக்கிறார்கள் என்பார். ஊசிப்போன தேங்காய் ஒரு மூடி போதும், அண்டாக் குழம்பும் போய்விடும். பொய்க் கடிதம் ஒன்று பிடிபட்டால் உண்மையான ஆஸ்பத்திரிச் சீட்டையும் நம்ப மாட்டார்கள். அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கத் துணிவில்லாதவர் இந்தத் தொழிலுக்கு வரக் கூடாது என்பேன்.

பிறகுதான் பந்தி. பெரும்பாலும் ஒரே உறுப்பினர், அரை நாள் விசாரணை. 2020-க்குப் பிறகு பல விசாரணைகள் காணொளியில்தான். அரசுத் தரப்பு வழக்கில் சேராதபோது, முதலில் கேள்வி கேட்பவர் உறுப்பினர். வழக்கறிஞரின் முறை அதன் பிறகே வருகிறது. அவர் வாயைத் திறக்கும்போது பரிமாறல் முக்கால்வாசி முடிந்திருக்கும். மால்டொனாடோ என்ற பழைய வழக்கின்படி, சத்தியம் செய்து சொன்னதைச் சந்தேகிக்கக் காரணம் இல்லாதவரை உண்மை என்றே கொள்ள வேண்டும். அந்தக் காரணம் முளைக்காமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் முந்தைய மாதங்களின் உழைப்பு எல்லாம்.

தோற்றால் என்ன வழி? வாரியத்தின் மேல்முறையீட்டுப் பிரிவு 2012 டிசம்பரில் இயங்கத் தொடங்கியது. அங்கே சாப்பாட்டை மறுபடி ருசி பார்ப்பார்கள், தாங்களே வேறு முடிவும் சொல்லலாம். ஆனால் அன்று கொண்டுவந்திருக்கக்கூடிய சரக்கை இன்று புதிதாகப் போட விட மாட்டார்கள். அதற்கும் மேலே போக 15 நாளுக்குள் பெடரல் நீதிமன்றத்தில் அனுமதி கேட்க வேண்டும். அந்த நீதிபதி கரண்டியைத் தொட மாட்டார். சமைத்த முறை சரியா என்று மட்டும் பார்த்து, தவறென்றால் வேறொருவர் மறுபடி சமைக்கட்டும் என்று திருப்பி அனுப்புவார்.

அகதிக் கோரிக்கை தோற்ற பிறகும் மனிதாபிமான அடிப்படையில் விண்ணப்பிக்க ஒரு கதவு உண்டு. வட இலங்கையிலிருந்து 2010-இல் பதின்பருவத்தில் வந்த ஒரு தமிழ்ப் பையனுக்கு அந்தக் கதவும் சாத்தப்பட்டது. அவனுக்கு மனவடு இருப்பதை ஏற்றுக்கொண்ட அதிகாரியே, சிகிச்சை பற்றிய சான்று போதாது என்று அதைத் தள்ளி வைத்தார். 2015 டிசம்பரில் கந்தசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. நோயை ஏற்ற பின் இன்னும் சான்று கேட்பது அந்த ஏற்பையே வலுவிழக்கச் செய்கிறது என்றது. கோப்பில் மனநல நிபுணரின் அறிக்கை இருந்ததால்தான் நீதிமன்றத்தால் அதைச் சொல்ல முடிந்தது.

தொழிலுக்குள் நுழையும் வழி: சட்டக் கல்லூரியில் மூன்று ஆண்டு, ஒன்டாரியோ சட்டச் சங்கத்தின் இரண்டு தேர்வுகள், மூத்தவரிடம் சில மாதப் பயிற்சி. இந்தியாவிலோ இலங்கையிலோ சட்டம் படித்தவர்களுக்குத் தனியாக மதிப்பீடும் தேர்வுகளும் உண்டு. வருமானம் கட்சிக்காரரைப் பொறுத்தது. நிறுவனங்களுக்கு வேலை அனுமதி எடுத்துத் தருபவர்கள் நன்றாகவே சம்பாதிக்கிறார்கள். அகதி வழக்குகளில் பலவற்றுக்குச் சட்ட உதவி நிதியே ஆதாரம். அதுவும் இத்தனை மணி நேரம் என்று கணக்குக் கட்டித்தான் வரும். 2019-இல் ஒன்டாரியோ மாகாண அரசு அந்த நிதியை வெட்டியபோது மத்திய அரசு கைகொடுத்தது. நிதி குறைந்தால் முதலில் சுருங்குவது அந்த நல்லூர்க் கேள்விக்கான நேரம்தான். அது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. டொரன்டோவின் ரெக்ஸ்டேல் பவுல்வர்டில் இருக்கும் குடிவரவுத் தடுப்பு நிலையத்து வேலை இன்னும் அவசரமானது. பிடிபட்டவரின் தடுப்பை 48 மணி நேரத்துக்குள் ஒரு முறை, பிறகு 7 நாளுக்குள், அதன்பின் 30 நாளுக்கு ஒரு முறை பரிசீலிக்கிறார்கள்.

கோரிக்கை வென்றாலும் கோப்பு மூடாது. நிரந்தர வதிவிட உரிமை விண்ணப்பத்தில் பிள்ளைகள் அனைவரின் பெயரும் இருக்க வேண்டும். அன்று சொல்லாமல் விட்ட பிள்ளையைப் பின்னால் ஸ்பான்சர் செய்ய முடியாதபடி விதி தடுக்கிறது. 2019-இல் கொஞ்சம் தளர்த்தியும் எல்லோருக்கும் அந்தச் சலுகை கிடைப்பதில்லை. ஆகவே அனுபவப்பட்ட வழக்கறிஞர் கையெழுத்து வாங்கும் முன் அறையிலிருந்து உறவினர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்பார்: முதல் கல்யாணத்துப் பிள்ளை உண்டா, பாட்டியிடம் வளரும் பிள்ளை உண்டா, வீட்டுக்குத் தெரியாத பிள்ளை உண்டா?