பிங் பதில் சொல்லிவிட்டதே, பிறகென்ன?

லால்குடியிலிருந்து ரயிலேறித் திருச்சிக்குப் போய்ப் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் பலருக்கு சர்வர் அறை என்பது சொந்த லேப்டாப்புக்குள்தான் இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, ஒரே இயந்திரத்துக்குள் மூன்று லினக்ஸ் கணினிகளை ஓட்டலாம். ஒன்றில் வலைத்தளம், ஒன்றில் தரவுத்தளம், இன்னொன்று கண்காணிப்புக்கு. மெய்நிகர் கணினி என்று பாடத்தில் வரும், பேச்சில் விஎம்.

முதல் நாளே ஒரு குழப்பம் காத்திருக்கும். மூன்று விஎம்மிலும் இணையம் வரும், ஆனால் ஒன்று இன்னொன்றோடு பேசாது. முகவரியைப் பார்த்தால் மூன்றிலும் 10.0.2.15 என்றே இருக்கும். விர்ச்சுவல்பாக்ஸ் தானாகவே தரும் நாட் முறையில் ஒவ்வொரு விஎம்மும் தனக்கென்று ஒரு தனி நெட்வொர்க்கில் அடைபட்டிருக்கிறது. இரண்டாவது அடாப்டராக ஹோஸ்ட்-ஒன்லியைச் சேர்த்தால் 192.168.56 என்று தொடங்கும் முகவரிகள் வரும், பேச்சும் தொடங்கும். அப்போதும் இரண்டு விஎம்முக்கு ஒரே முகவரி வந்தால், ஒன்றை நகலெடுத்து மற்றதைச் செய்தீர்களா என்று பாருங்கள். உபுண்டுவில் மெஷின்-ஐடி என்ற கோப்பும் சேர்ந்தே நகலாகிவிடும். முகவரி வழங்கும் டிஎச்சிபி இரண்டையும் ஒரே ஆள் என்று எண்ணிவிடும்.

இதையெல்லாம் சரிசெய்தபின் எல்லோரும் செய்வது பிங்: ‘இருக்கிறாயா’ என்று இன்னொரு கணினியைக் கேட்டுப் பார்ப்பது. 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில் மைக் மூஸ் எழுதிய சின்ன நிரல் அது. இன்றும் அதற்கு நிகரில்லை. ஆனால் பிங்குக்குப் பதில் சொல்வது அந்தக் கணினியின் இயங்குதளம். உங்கள் தரவுத்தளம் அல்ல. தரவுத்தளம் செத்துக் கிடந்தாலும் பிங்குக்குப் பதில் வரும். இதன் மறுபக்கமும் உண்டு. விண்டோஸ் ஃபயர்வால் பிங்கை வழக்கமாகத் தடுத்துவிடும். அமேசான் கிளவுடில் நாமாக அனுமதி எழுதாவிட்டால் வெளியிலிருந்து பிங் போகாது. அங்கே பிங் தோற்றாலும் வலைத்தளம் ஜோராக ஓடிக்கொண்டிருக்கலாம். பெருவளை வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்ப்பது பிங். உங்கள் வயலின் மடை திறந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி.

அந்த மடைக்குப் பெயர் போர்ட். வலைத்தளத்துக்கு 443, மைஎஸ்கியூஎல்லுக்கு 3306, போஸ்ட்கிரெஸ்ஸுக்கு 5432. அது திறந்திருக்கிறதா என்று பார்க்க, நெட்கேட் என்ற கருவிக்கு முகவரியும் போர்ட்டும் தந்து, இரண்டு நொடிக்குமேல் காத்திராதே என்று கட்டளையிட்டால் போதும். இங்கே கவனிக்க வேண்டியது, தோல்வி இரண்டு வகை. ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று உடனே பதில் வந்தால் பெரும்பாலும் நல்ல செய்திதான்: பாதை இருக்கிறது, கணினி உயிரோடு இருக்கிறது, அந்தப் போர்ட்டில் கேட்க ஆளில்லை. போய் சர்வீஸை இயக்கினால் வேலை முடிந்தது. பதிலே வராமல் இரண்டு நொடியும் கழிந்தால், வழியில் ஃபயர்வால் விழுங்கியிருக்கலாம், அல்லது பாதையே அறுந்திருக்கலாம், கணினியே அணைந்திருக்கலாம். இந்தச் சோதனைகளைத் தானாகச் செய்ய ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்ளலாம். ஆனால் இரண்டையும் ‘ஃபெயில்’ என்ற ஒரே சொல்லில் அடைக்கும் ஸ்கிரிப்டை நான் பாதி ஸ்கிரிப்ட் என்றுதான் சொல்வேன்.

அடுத்தது, எங்கிருந்து சோதிக்கிறோம் என்பது. லேப்டாப்பிலிருந்து தரவுத்தளம் தெரிகிறதா என்று பார்த்துப் பயனில்லை. வலைத்தள விஎம்முக்கு அது தெரிய வேண்டும். ஆகவே ஸ்கிரிப்ட் எஸ்எஸ்எச் வழியே ஒவ்வொரு விஎம்முக்குள்ளும் நுழைந்து, அங்கிருந்து சோதிக்க வேண்டும். திசையையும் கணக்கில் எடுத்தால் 3 விஎம்முக்கு 6 சோதனை, 10-க்கு 90, 40-க்கு 1560. எல்லாவற்றையும் சோதிப்பது வீண். எந்த விஎம், எந்த விஎம்மை, எந்தப் போர்ட்டில் அழைக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள். யார் யாரை அழைக்கவே கூடாது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். வெளியிலிருந்து 5432 திறந்திருந்தால் அதுவும் தோல்விதான். பலர் இதைச் சோதிப்பதே இல்லை.

பட்டியலை வரிவரியாகப் படிக்கும் சுழலுக்குள் எஸ்எஸ்எச்சைப் போட்டால் முதல் வரியோடு ஸ்கிரிப்ட் அமைதியாக முடிந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. மீதிப் பட்டியலை எஸ்எஸ்எச்சே தனக்கான உள்ளீடு என்று எண்ணி வாசித்துத் தீர்த்திருக்கும். ‘மைனஸ் என்’ என்று சேர்த்தால் வாயை மூடிக்கொள்ளும். கடவுச்சொல் கேட்டு நிற்காதபடி சாவிக் கோப்பும் பேட்ச்மோடும் வேண்டும். எஸ்எஸ்எச் தானே தோற்றால் 255 என்ற எண்ணைத் திருப்பித் தரும். அந்த எண்ணைத் தனியாகப் பதியுங்கள்: ‘தரவுத்தளம் இல்லை’ என்பதும் ‘போய்க் கேட்கவே முடியவில்லை’ என்பதும் ஒன்றல்ல.

90 சோதனையும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு நொடி காத்திருந்தால் மூன்று நிமிடம். எக்ஸ்ஆர்க்ஸ் என்ற கருவியைக் கொண்டு இருபது இருபதாக ஒரே நேரத்தில் ஓட்டினால் பத்து நொடி.

வேலை பெரிதாகும்போது இதன் அருமை தெரியும். துவாக்குடி என்ஐடியில் 2022 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட பரம் பொருள், 838 டெராஃப்ளாப் வேகமுள்ள சூப்பர் கணினி. அது விஎம் கூட்டம் அல்லதான். ஆனால் பல கணினிகள் சேர்ந்து ஒரே கணக்கைப் போடும் எந்த அமைப்பிலும், ஒன்று மட்டும் மற்றதோடு பேசாமல் போனால் மொத்தக் கணக்கும் அதற்காகக் காத்துக் கிடக்கும். பெரிய விஎம் கூட்டங்களில் இன்னொரு பொறியும் உண்டு: பிங் போகும், போர்ட் திறக்கும், பெரிய கோப்பை அனுப்பினால் மட்டும் உறைந்துவிடும். விஎம்களை இணைக்கும் விஎக்ஸ்லேன் ஒவ்வொரு பாக்கெட்டிலும் 50 பைட்டைத் தனக்கென்று எடுத்துக்கொள்வதால், 1500 பைட் பாக்கெட் அதற்குள் அடங்காது. உடைக்காதே என்று கட்டளையிட்டு 1472 பைட் சுமையோடு ஒரு பிங் அனுப்பினால் குட்டு வெளிப்படும்.

முடிந்த ஸ்கிரிப்டை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட விடலாம். ஒரு தோல்விக்கே செய்தி அனுப்ப வேண்டாம். தொடர்ந்து இரண்டு முறை தோற்றால் அனுப்பட்டும், மீண்டு வந்தால் இன்னொன்று. பதிவில் நேரத்தை எழுதும்போது எந்த நேரம் என்றும் எழுதுங்கள். கிளவுட் விஎம்கள் பெரும்பாலும் யுடிசியில் ஓடும்; உங்கள் லேப்டாப் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே இருக்கும்.